வெள்ளத்தாயின் இடுப்பு

வாகையடியூரில் பங்குனி மாதம் பதினாறாம் தேதி பொழுது விடிந்தபோது வெள்ளத்தாய்க்கு இடுப்பு இல்லை. முந்தின நாள் இருந்தது. முந்தின நாள் அந்த இடுப்பில் எட்டுக் குடம் தண்ணீரும், மாவு மில்லுக்குப் போய்வந்த தூக்குச்சட்டியும், பதினான்கு மாதப் பிள்ளை பேச்சியும் ஏறி இறங்கியிருந்தார்கள். காலையில் பாயை விட்டு எழுந்து பாவாடை நாடாவை இறுக்கப் போனவள், இறுக்குவதற்கு ஒன்றுமில்லாமல் நாடா வெறுங்காற்றில் முடிச்சு விழுந்து நிற்பதைப் பார்த்தாள். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் வெளி, அதற்கும் கீழே மறுபடியும் அவள். நடுவில் பின்பக்கத்துச் சுவரும் சுவரில் சாய்ந்திருந்த விளக்குமாறும் நன்றாகத் தெரிந்தன. மேல்பாதி கீழே விழவில்லை, கீழ்ப்பாதி தனியாக ஓடிவிடவும் இல்லை, இரண்டும் பழைய சிநேகத்தில் ஒன்றாகவே நடந்தன. தண்ணீர் வருகிற நேரமாயிற்று, குழாயடியில் இடம் பிடித்தாக வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

இதைச் சொல்வதற்கு முன்னால் ஊர்க் காப்பியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாகையடியூருக்கென்று ஒரு காப்பியம் உண்டு, ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு, எழுதிய புலவனின் பேர்கூட மறந்துபோகிற அளவுக்குப் பழசு. அதன் தலைவி பவளநங்கை. பெருமாள் கோயில் மண்டபத்தில் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பாட்டைப் படித்து அதற்கு உரை சொல்ல வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் மழை தவறும் என்பது ஊர் வழக்கம். வெள்ளம் வந்த வருஷமும், மண்டபத்து ஓடு காற்றில் பறந்த வருஷமும், ஊரே தேர்தலில் இரண்டுபட்டு ஒருவரோடொருவர் பேசாமல் கிடந்த வருஷமும் படிப்பு நிற்கவில்லை. முப்பத்தோரு வருஷமாகப் புலவர் அம்பலவாணன்தான் உரை சொல்லிவந்தார். பாட்டெல்லாம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கடைசிச் சுற்றில் பவளநங்கையின் கூந்தல், நெற்றி, புருவம், தோள் என்று வரிசையாக வந்தவர், இடையைப் பற்றிய இருபத்திரண்டு பாட்டுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். இருபத்திரண்டும் முடிந்தால் அடுத்த நாள் இருபத்திமூன்றுக்குப் போகாமல் முதல் இடைப்பாட்டுக்கே திரும்புவார். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. கேட்கிறவர்களும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை, ஆண்கள் கூட்டம் கொஞ்சம் கூடவே செய்தது.

அந்த மண்டபத்து ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்று வெள்ளத்தாயின் வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில், அவள் அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. அரிசி களைகிறபோதும், மீன் கழுவுகிறபோதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறபோதும் அது மூன்று வருஷமாக அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது: இடை உண்டோ, இல்லையோ, உண்டென்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா, இல்லையென்றால் மேலே இருக்கிற பாரம் எதன்மேல் நிற்கிறது, இல்லை, இல்லை, பிரமன் அதைப் படைக்க மறந்தான். எதனால் போயிற்று, ஏன் இவளுக்கு மட்டும் போயிற்று என்று பிற்பாடு பலரும் பல காரணம் சொன்னார்கள். வெள்ளத்தாய்க்கு அதைக் கேட்க நேரமில்லை, நமக்கும் வேண்டாம்.

குழாயடியில் அவளைப் பார்த்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுத் தையல்காரி தங்கபுஷ்பம்தான் குனிந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, வலிக்கா?"

"வலிக்க என்னக்கா இருக்கு அங்க?"

"அதுஞ் சரிதான். சேலைய எப்படிச் சொருகுன?"

"ஊக்கு குத்தியிருக்கேன். நிக்க மாட்டேங்கி."

"மத்தியானம் வா. பாவாடையையும் சட்டையையும் சேத்து நாலு பட்டை வச்சுத் தச்சுத் தாரேன். வெளிய தெரியாது."

அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது, குடம் நிறைந்தது. வெள்ளத்தாய் பழக்கத்தில் குடத்தைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். குடம் எதிலும் தட்டாமல் நேராகக் கீழே போய் விழுந்தது. நல்ல வேளை, பிளாஸ்டிக் குடம். இரண்டாவதைத் தலையில் வைத்துப் பார்த்தாள், மேல்பாதி ஒரு பக்கமாக நழுவியது. கடைசியில் கைக்கு ஒரு வாளியாக, வழியில் ஏழெட்டு இடத்தில் இறக்கி இறக்கி, எட்டுக் குடம் தண்ணீரை வீடு சேர்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

ஆனால் தண்ணீர் கிடக்கட்டும், அதற்கு ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம். பேச்சிக்குத்தான் வழி தெரியவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து தாயின் இடது இடுப்பில்தான் தூங்கும். பாயில் போட்டால் விழித்துக்கொள்ளும், தூளியில் போட்டால் தூளிக் கம்பு அதிரும்படி கத்தும். வெள்ளத்தாய் அதை இடுப்பில் வைத்தபடியே தோசை சுட்டாள், கோலம் போட்டாள், ரேஷன் கடையில் நின்றாள், அது அவள் தோளில் எச்சில் ஒழுக விட்டுத் தூங்கும். இப்போது நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால், பிள்ளை தன் காலை நீட்டி வழக்கமான இடத்தைத் தேடியது. கால் அந்த வெளிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பேச்சி ஒரு கணம் தன் காலையே பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள்.

அன்று தொடங்கியது. பிள்ளை தூங்கவில்லை. கண்ணயர்ந்தால் ஐந்து நிமிஷம், பிறகு காலைத் துழாவித் துழாவி அழுகை. தங்கபுஷ்பம் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், வேறு ஆள் வாசனை என்று பிள்ளை திமிறியது. சங்கிலி, அதாவது வெள்ளத்தாயின் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவனும் வைத்துப் பார்த்தான். ஆம்பிளை இடுப்பு பிள்ளை நிற்பதற்கு வாகாக இல்லை, பேச்சி சறுக்கிச் சறுக்கி அவன் முழங்காலுக்கு வந்துவிட்டாள்.

"இதுக்கெல்லாம் நம்மள எங்கட்டி பழக்கியிருக்காங்க" என்று சொல்லிப் பிள்ளையைத் திரும்பக் கொடுத்துவிட்டான். தண்ணீர் மட்டும் நான்கு நாள் தோளில் சுமந்தான். ஐந்தாம் நாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றான். பொய்யில்லை, பிடித்துத்தான் இருந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் பார்க்க வேண்டியது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், அட்டையில் இடுப்புச் சுற்றளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். டவுன் பஸ் கண்டக்டர், "முன்னால போம்மா, கூட்டத்துல நடுவுல யாராவது கையை விட்டுறப் போறாங்க" என்று அக்கறையாகச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஒருநாள் அந்த வழியாகப் பந்தை விட்டுப் பிடித்து விளையாடியதில் இரண்டு பேருக்கு வெள்ளத்தாய் முதுகில் ஒன்று வைத்தாள். மத்தியான வெக்கைக் காற்று அடிக்கிறபோது அந்த வெளியில் ஊ என்று ஒரு சத்தம் வரும், தெருவில் போகிறவர்கள் அதைக் கேட்டு வெள்ளத்தாய் வீட்டில்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு மட்டும் அந்த இடம் எந்நேரமும் சில்லென்று இருந்தது.

தமிழ் மன்றத்துக்கோ தலைகால் புரியவில்லை. மன்றத் தலைவர் ரத்தினசபாபதி, அரிசி ஆலை முதலாளி, செய்தி கேட்டதும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அந்தச் சாண் வெளியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, இருபத்திரண்டு பாட்டும் அப்படியே இருக்கேம்மா. மிகையாப் பாடிட்டான்னு எத்தனை பேர் கேலி பண்ணியிருக்கான். இப்ப வந்து பாக்கட்டும்."

"அய்யா, பிள்ளை தூங்க மாட்டேங்கி" என்றாள் வெள்ளத்தாய்.

"தூங்கும் தூங்கும். சித்திரைப் பௌர்ணமிக்கு விழா. போன வருஷம் பவளநங்கை வேஷம் போட்ட காலேஜ் பொண்ணு ஒட்டியாணத்தை இறுக்கிக் கட்டி வண்டியிலேயே மயங்கி விழுந்துட்டா. இந்த வருஷம் வேஷமே வேண்டாம், நீயே நின்னாப் போதும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி, மாத்திரை, மந்திரம் ஒண்ணும் வேண்டாம்மா. இது ஊர்ச் சொத்து."

ஊர்ச் சொத்து என்றதும் சங்கிலி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து டீக்கடையில் அவனுக்குத் தனியாக நாற்காலி போட்டார்கள். மனைவியோடு கடைவீதிக்குப் போகும்போது இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தான், காப்பியத்தில் தலைவன் அப்படித்தான் நடப்பான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மன்றம் ஒரு பட்டிமன்றம் வைத்தது. வெள்ளத்தாயின் இடை உண்டா, இல்லையா என்பது தலைப்பு. உண்டு என்று மூன்று பேர், இல்லை என்று மூன்று பேர். உண்டு அணிக்காரர், இல்லாத ஒன்று எப்படி இரண்டு பாதியையும் சேர்த்து வைத்திருக்கும் என்று கேட்டுக் கைதட்டு வாங்கினார். இல்லை அணிக்காரர் தன் துண்டை அந்த வெளிக்குள் விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டி இன்னும் பெரிய கைதட்டு வாங்கினார். வெள்ளத்தாய் மூன்று மணி நேரம் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீழே தங்கபுஷ்பத்தின் கையில் பேச்சி அழுதுகொண்டிருந்தாள். நடுவர் உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல், அது இருந்தும் இல்லாதது என்று தீர்ப்பு வழங்கி, வெள்ளத்தாய்க்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையும் சொருக இடமில்லாமல் நழுவி விழுந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை, அவளுக்கும் பேசத் தெம்பில்லை.

குழாயடியிலும் மெள்ள மெள்ளக் காற்று மாறியது. முதல் வாரம் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். இரண்டாம் வாரம் தங்கபுஷ்பம் மட்டும் ஊற்றினாள். அவரவர் வீட்டு எட்டுக் குடத்துக்கே இடுப்பு ஒடிகிறபோது யாரைக் குற்றம் சொல்ல முடியும்? கல்யாணத்துக்கு நின்ற பெண்கள் இரண்டு பேர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். புருஷன்மார் சிலர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபடி மனைவியின் இடுப்பை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுக்கெல்லாம் பதில் குழாயடியில் வெள்ளத்தாயின் முதுகுக்குப் பின்னால் கிடைத்தது.

"அவளுக்கென்ன, காப்பியம்லா. நமக்குத்தான் குடம்."

வெள்ளத்தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு நல்ல தூக்கம் தேவைப்படுகிறது. முப்பது நாளாகத் தாயும் பிள்ளையும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. பேச்சியின் கன்னம் ஒட்டிப்போய்விட்டது, கண்ணுக்குக் கீழே பெரிய மனுஷிக்கு விழுகிற மாதிரிக் கருப்பு விழுந்துவிட்டது. அழுவதற்குச் சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். நர்ஸம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். "பிள்ளை எப்படியாவது தூங்கணும், இப்படியே போனா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இந்த முறை அட்டையில் அவள் கோடு போடவில்லை, எடையை எழுதிச் சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், படிப்பு தொடங்க அரை மணி இருக்கும்போது, வெள்ளத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். புலவர் அம்பலவாணன் தனியாக உட்கார்ந்து ஏட்டுப்பிரதியைப் பார்த்து எழுதிய பழைய நோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், வேட்டி துவைத்தும் துவைக்காமலும் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இத்தனை நாளில் அவர் மட்டும்தான் அவளைப் பார்க்க வரவில்லை.

"அய்யா, நீங்க அந்த இடத்தைத் தாண்டிப் போகணும்" என்றாள். "மூணு வருஷமா இல்ல இல்லன்னு சொல்லுதீங்க. எனக்கு நிசமாவே இல்லாமப் போச்சு. அடுத்த பாட்டுக்குப் போங்கய்யா. திரும்பி வந்தாலும் வரும்."

புலவர் நோட்டை மூடினார்.

"அடுத்து அடி வரும்மா. பூவை மிதிச்சாலே புண்ணாகிற பாதம். அது உனக்கு வந்தா நீ நடக்கவே முடியாது. அதுக்கப்புறம் கதை ஆரம்பிச்சிரும்."

"ஆரம்பிக்கட்டுமே."

"கதை ஆரம்பிச்சா அவ செத்துப் போயிருவாம்மா."

"யாரு?"

"பவளநங்கை. புருஷன் கடல்ல போயிட்டான்னு யாரோ பொய்யாச் சொல்லுவான். கேட்ட மாத்திரத்துல உசுரை விட்டிருவா. அவ்வளவு பெரிய காப்பியத்துல அவ வாயத் திறந்து பேசுறது நாலே நாலு தடவை. அதுல நாலாவது, ஐயோங்கிறது. இருபத்தெட்டு வருஷத்துல எட்டு வாட்டி முடிச்சிருக்கேன். எட்டு வாட்டியும் இந்த வாயாலதான் அவளைக் கொன்னேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காய்ச்சல்ல படுப்பேன், அப்பவும் கம்பளியப் போத்திக்கிட்டு வந்து படிப்பேன். ஒன்பதாவது சுத்துல இடைக்கு வந்தப்ப எங்க வீட்டம்மா தவறிட்டா. அதுக்கப்புறம் என்னால தாண்ட முடியல. இங்கேயே நின்னா அவ பாட்டுக்கு உசுரோட இருப்பால்ல?"

வெள்ளத்தாய் அவரையே பார்த்தாள். திட்டலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் அவர் முகத்திலும் தூக்கமில்லாதவர்களுக்கு இருக்கிற அதே கருப்பு இருந்தது.

"அவ உசுரோட இருப்பா அய்யா, சரி. என் பிள்ளை இருக்குமா?"

புலவர் அப்போதுதான் பேச்சியைச் சரியாகப் பார்த்தார். பிள்ளை சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது. ஒரு கால் அந்த வெளியில் மெள்ளத் துழாவிக்கொண்டிருந்தது.

"அந்தப் புஸ்தகத்துல இடுப்புள்ளவ ஒருத்திகூடவா இல்ல?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். "இத்தனை பாட்டு இருக்குங்கீங்களே. ஒருத்தியாவது தண்ணி எடுத்திருப்பால்லா? அத்தனை பேரும் என்னத்தக் குடிச்சாங்க?"

புலவர் நோட்டைத் திறந்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பக்கங்களைக் கடந்தார். பாதி நோட்டைத் தாண்டியதும் நின்றார். "இருக்கா" என்றார். குரல் வேறுமாதிரி இருந்தது. "அறுநூத்து நாப்பத்தொண்ணு. பவளநங்கை குளத்துக்கு நீராடப் போற இடம். மருங்கில் நிறைகுடம் தாங்கி ஒருத்தி பின் வர. மருங்குன்னா இடுப்புதான். எட்டுத் தடவையும் பணிப்பெண் உடன் சென்றாள்னு சொல்லிட்டுத் தாண்டியிருக்கேன்."

"அவ பேரு?"

"பேரு இல்லம்மா. ஒருத்தி."

மணி ஆறு ஆயிற்று. மன்றத்து ஆட்கள் விழா வேலையில் தேரடிப் பக்கம் இருந்தார்கள், மண்டபத்தில் வழக்கமாக வருகிற நாலைந்து பெரியவர்கள் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். புலவர் ஒலிபெருக்கியைப் போட்டார். ஊரெல்லாம் ஒரு கரகரப்பு எழுந்து அடங்கியது. அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டு, வரிசையில் வர வேண்டிய இடைப்பாட்டை விட்டுவிட்டு, அறுநூற்று நாற்பத்தோராம் பாட்டைப் படித்தார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முறை தவறுகிறது என்று ஒருவர் எழுந்திருக்கப் போனார், இன்னொருவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மருங்கில் நிறைகுடம் தாங்கி ஒருத்தி பின் வர" என்று சொல்லிப் புலவர் நிறுத்தினார். உரை சொல்ல வாயைத் திறந்தார். கூந்தலுக்கு இரண்டு மாதமும் புருவத்துக்கு இருபது நாளும் பேசியவருக்கு இந்த அரைவரிக்குச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற வெள்ளத்தாயிடம் திரும்பி, ஒலிபெருக்கி போட்டிருப்பதையும் மறந்து கேட்டார்.

"குடத்தை எந்தப் பக்கம்மா வைப்பீங்க?"

"இடது பக்கந்தான்."

"எல்லாருமா?"

"வலது கை வேலைக்கு வேணும்லா அய்யா. கதவு திறக்கணும், ஆடு மாட்டை விலக்கணும், எதுக்க யாராவது வந்தா முந்தானையச் சரி பண்ணணும். வீட்டம்மா எந்தப் பக்கம் வச்சாங்க?"

புலவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "தெரியலையேம்மா. நாப்பது வருஷம் எடுத்தா. நான் பாக்கலை." அவர் குரல் கம்பம் கம்பமாக ஊரைச் சுற்றி வந்தது. "நீ சொல்லு. எப்படி இருக்கும்?"

வெள்ளத்தாய்க்குப் பேசிப் பழக்கமில்லை. பிள்ளையை நெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, குழாயடியில் பேசுகிற குரலில், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதக் குடத்துக்கு ஒண்ணும் தெரியாது. மூணாவதுலதான் குடத்து விளிம்பு எலும்புல உக்காரும். அப்ப உடம்ப இந்தப் பக்கமா ஒடிச்சுக்கிடணும், இல்லன்னா தண்ணி தளும்பி சேலை நனைஞ்சிரும், நனைஞ்சா நடக்கையில தொடை உரசும். அஞ்சாவதுல எலும்பு இருக்கிறதே மறந்துரும். எட்டு முடிஞ்சு இறக்கி வச்ச பிறகுதான் வலிக்கும். அங்க தோல் கறுத்துத் தடிச்சுப் போகும் அய்யா. எனக்குக் கல்யாணமான வருஷமே தடிச்சிருச்சு. அந்தத் தடிப்பு மேலதான் பிள்ளை உக்காரும். அதுக்கு அது மெத்தை."

வெளியே தெருவில் ஒரு குரல் கேட்டது. "வயித்துல பிள்ளை இருக்கும்போது எடுக்கிறதச் சொல்லுடி!" தங்கபுஷ்பம்தான், தையல் மிஷினை விட்டு எழுந்து மண்டபத்துப் படிக்கு வந்திருந்தாள்.

"அதுவும் உண்டு அய்யா. அப்ப குடத்தைப் பின்னால தள்ளி வைக்கணும். நடு முதுகுல யாரோ கையை விட்டு முறுக்குற மாதிரி இருக்கும். ஒம்பதாம் மாசம் வரைக்கும் எடுத்தேன். பிள்ளை பிறந்து பதினோராம் நாள் மறுபடி எடுத்தேன்."

"நான் ஒம்பதாம் நாளு" என்றாள் படியில் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் குழாயடிக்காரிகள் நாலு பேர், சிலர் கையில் கரண்டியோடும் சிலர் ஈரக் கையோடும் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி தன் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள், வேறு யாரிடமும் இல்லை, நேராக ஒலிபெருக்கியிடம் கேட்கிறவள்போல: "ராத்திரி எந்தப் பக்கமும் திரும்பிப் படுக்க முடியாதுல்லா, அத எழுதியிருக்கா அதுல?"

"இல்லம்மா" என்றார் புலவர். "அதெல்லாம் ஒண்ணும் எழுதல."

வெள்ளத்தாய் சொல்லிக்கொண்டே போனாள். அடிபம்புக் காலத்தில் குனிந்து குனிந்து அடித்தது, வரப்பில் வழுக்கிக் குடத்தோடு விழுந்து, எழுந்ததும் முதலில் குடம் உடைந்ததா என்று பார்த்தது, மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் இடுப்பு வலி என்று சொல்லப்போய் எல்லோரும் சிரித்தது. நடுவில் எங்கேயோ முகத்தைச் சுளித்தாள். வலி முதலில் வந்தது. எலும்பின் மேல் குடத்து விளிம்பு உட்காருகிற அந்தப் பழைய வலி, எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல், இல்லாத இடத்தில் வந்தது. அதைச் சுற்றித்தான் பிறகு மற்றதெல்லாம் வந்தது: கறுத்த தடிப்பு, பிரசவத்துக் கோடுகள், பாவாடை நாடா அறுத்த தழும்பு, தொளதொளவென்று கொஞ்சம் சதை. தங்கபுஷ்பம் தைத்துக் கொடுத்த பட்டைகளில் ஒன்று இழுபட்டுத் தையல் விட்டது. மெல்லிய இடை இல்லை அது. இருபத்தாறு வயதுக்கு நாற்பது வயது சொல்லும்படியான இடுப்பு. யாரும் கைதட்டவில்லை. படியில் நின்றவர்களில் ஒருத்தி, "வந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள், பஸ் வந்ததைச் சொல்வதுபோல.

வெள்ளத்தாய் பேச்சைப் பாதியில் விட்டாள். அம்மாடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை இடது பக்கம் இறக்கினாள். பேச்சியின் கால் துழாவியது, தட்டியது, நின்றது. பிள்ளை ஒரு நிமிஷம் நம்பாமல் இருந்தது. பிறகு இரண்டு காலாலும் இடுப்பைக் கவ்விக்கொண்டு, தலையைத் தாயின் தோளில் போட்டது. முப்பது நாள் தூக்கம் ஒரேயடியாக அதன் மேல் விழுந்தது. எச்சில் தோளில் ஒழுகியது. வெள்ளத்தாய்க்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது, வலியிலும்தான்.

ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேரடியிலிருந்து மன்றத் தலைவர் ரத்தினசபாபதி மூச்சு வாங்க ஓடிவந்தார். பின்னால் சங்கிலியும், மாலை கட்டுகிறவர்களும், நாளைக்கு அலங்கார வண்டி ஓட்ட வேண்டிய டிரைவரும் வந்தார்கள். படியில் நின்ற பெண்கள் வழிவிடவில்லை, தலைவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார். வெள்ளத்தாயின் இடது பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது! நாளைக்கு விழாம்மா! வண்டி சோடிச்சாச்சு, நோட்டீஸ் அடிச்சாச்சு, அமைச்சர் வர்றார். புலவரே, நீங்களாவது சொல்லக்கூடாதா? முறை தவறிப் படிச்சிருக்கீங்களே! இப்ப ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினார். ஒலிபெருக்கி இன்னும் போட்டபடியே இருந்ததால் அவர் கத்தியதை ஊரே கேட்டது.

வெள்ளத்தாய் ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்கய்யா. பிள்ளை தூங்குது."

புலவர் எட்டி ஒலிபெருக்கியை அணைத்தார்.